ஒன்பது மணி மஃரிபு

எலுமிச்சம்பழம் ஒன்று பத்து ரூபாய்க்குப் போன வருஷம், நோன்பின் முதல் நாள் காலையில், காயல்பட்டினத்தில் ருமைஸா வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. பக்கத்து வீட்டில் பனி இல்லை, எதிர்வீட்டிலும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பெண்கள் போய்வரும் முடுக்கில் காலை எட்டு மணிக்கே வழக்கம்போல வெறுங்காலோடு நடக்க முடியாத சூடு. ருமைஸா வீட்டு மதில் எங்கே முடிந்ததோ அங்கே பனியும் கத்தி வைத்து நறுக்கியது மாதிரி முடிந்தது. மதில் மேல் உட்கார்ந்திருந்த காக்கைக்கு ஒரு கால் சுட்டது, ஒரு கால் விறைத்தது. ஊரில் அன்று எல்லோரும் எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் சர்பத் இல்லாவிட்டால் காயலில் யாருக்கும் தொண்டை நனைந்ததாகவே தோன்றாது. பனியைப் பற்றிய பேச்சு மத்தியானத்துக்கு மேல்தான் தொடங்கியது.

அது எப்படி வந்தது என்பதற்குச் சாட்சி ருமைஸாவின் உம்மா ஆயிஷா. முந்தின நாள் பிறை தெரிந்து, தெருவே ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் முன்வாசல் கதவை யாரோ தட்டினார்கள். மாப்பிள்ளைமார் தட்டுகிற தட்டு அது. ரொம்ப மெதுவாக இருக்காது, அதிகாரமாகவும் இருக்காது, கதவு எப்படியும் திறக்கும் என்று தெரிந்த கையின் தட்டு. ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திறந்தாள். ஆள் யாரும் இல்லை. ஒரு குளிர்காற்று மட்டும் அவளைத் தாண்டி உள்ளே வந்து, நடையில் கொஞ்சம் தயங்கி நின்று, மாடிப்படி ஏறி, பூட்டிக் கிடந்த மாப்பிள்ளை அறைக்குள் போனது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.  அவள் அடுப்படிக்குப் போய், மாப்பிள்ளை வந்தால் வைக்கிற வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்க ஆரம்பித்தாள்.

காயலில் கல்யாணம் முடிந்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண் பேரில் இருக்கும். மாடியில் அவருக்கென்று ஒரு அறை இருக்கும். அவர் வந்தால் வட்டிலப்பம் உண்டு, வரும்போதெல்லாம் மரியாதை உண்டு, வந்தவரைப் போகச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது. ருமைஸாவின் மாப்பிள்ளை இஹ்ஸான் அந்த அறையில் இருந்தது ஒரு நோன்புப் பெருநாளிலிருந்து அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும்தான். தூத்துக்குடியில் எந்திரப் படிப்பு படித்து, துறைமுகத்தில் படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனுக்கு நார்வே நாட்டின் வட கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஐஸ் செய்யும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஐஸாகவே கிடக்கிற நாட்டில் ஐஸ் செய்ய எந்திரம் எதற்கு என்று தெருவில் கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போனான். அதன் பிறகு உலகம் முழுக்க விமானங்களை நிறுத்திய நோய் வந்தது. விமானங்கள் மறுபடி பறந்த பிறகும் அவன் வரவில்லை. தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாகியது. ஐப்பசியில் 'இங்க வெளிச்சம் கொறஞ்சிக்கிட்டே வருது' என்றான். மார்கழியில் 'நல்லா இருக்கேன்' என்று எழுத்து மட்டும் வந்தது. தை பிறந்ததும் அதுவும் நின்றுபோனது. தொழிற்சாலையில் விசாரித்தால், ஆள் ஒழுங்காக வேலைக்கு வருகிறார், யாரோடும் பேசுவதில்லை என்றார்கள்.

இது ருமைஸாவின் தாய்மாமா மக்தூமுக்குப் பொறுக்கவில்லை. மக்தூம் மாமா கொழும்பிலும் சென்னையிலும் கல் வியாபாரம் செய்து ஓய்ந்து, இப்போது மெயின் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வருஷம் தவறாமல் நோன்பு நேர அட்டை அச்சடித்து ஊர் முழுக்க இலவசமாகக் கொடுப்பவரும் அவர்தான். எந்த நாள் எத்தனை மணிக்கு விடியலுக்கு முந்தின ஸஹர் முடிகிறது, எத்தனை மணிக்கு நோன்பு திறக்கும் மஃரிபு, எல்லாம் அதில் இருக்கும். அடியில் கடையின் பெயரும் ஒரு குக்கர் படமும் இருக்கும். நேரம் தவறுகிற மனிதர்களை அவருக்குப் பிடிக்காது. மூன்று வருஷம் தவறிய மாப்பிள்ளையை எப்படிப் பிடிக்கும்? "பெருநாள் வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல ஒரு பொம்பளப் புள்ளய வாசலப் பாத்து உக்கார வைக்க நான் ஆளில்ல. ஜமாஅத்துல சொல்லி உறவ முடிச்சுவிட்டுருவோம்" என்று அவர் சொன்னபோது, ருமைஸா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு இஹ்ஸான் மேல் தீராத கோபம் இருந்தது, ஆசையும் இருந்தது. எது பெரியது என்று தெரியாமல் அவள் கேக்குக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே கேக் செய்து விற்பது அவள் தொழில். ஏப்ரல் மாதத்தில் கிரீம் உருகுவதுதான் அதற்கு ஒரே எதிரி. அந்த வருஷம் அந்த எதிரி மதிலுக்கு வெளியே நின்றுவிட்டான்.

முதல் வாரத்தில் வீடு பனிக்குப் பழகியது. ஆயிஷா உம்மா மாப்பிள்ளை அறை வாசலில் ராத்திரி வட்டிலப்பம் வைத்தாள். காலையில் கிண்ணம் காலியாகி, உள்பக்கம் பூராவும் வெள்ளையாக உறைந்திருந்தது. நன்றாகச் சாப்பிடுகிற மாப்பிள்ளை என்று அவளுக்குத் திருப்தி. குளிர்ப்பெட்டியை அணைத்துவிட்டார்கள். தெருக்காரர்கள் சீலா மீனையும் ஆட்டுக்கறியையும் கொண்டுவந்து முற்றத்தின் வடக்கு மூலையில் புதைத்து, மேலே ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து அடையாளம் வைத்தார்கள். உச்சி வெயிலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கம்பளி வாங்கி வந்து நடையில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டினார்கள். முருங்கைமரம் மட்டும்தான் என்ன செய்வதென்று தெரியாமல் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது.

பனியை விட வெளிச்சம்தான் தொந்தரவாக இருந்தது. முதல் நாள் சாயங்காலம் பள்ளியில் மஃரிபு பாங்கு சொல்லிவிட்டார்கள். தெரு இருட்டிவிட்டது. ருமைஸா வீட்டு முற்றத்தில் சூரியன் மதிலுக்கு மேலே ஒரு முழத்தில் நின்றுகொண்டிருந்தது. கையில் பேரீச்சம்பழத்தோடு வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வடகோடி ஊரில் எத்தனை மணிக்குப் பொழுது சாயுமோ, முற்றத்திலும் அதே மணிக்குத்தான் சாய்ந்தது. நடுவில் கிடக்கிற கடல்களையும் தேசங்களையும் அந்தச் சூரியன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் இமாமிடம் கேட்டார்கள். அவர் பதறவில்லை. பிறை விஷயத்தில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் வேறுவேறு நாளில் பெருநாள் கொண்டாடுவதைப் பார்த்துப் பழகிய ஊர் அது. எந்த வானத்துக்குக் கீழே நிற்கிறீர்களோ அந்த வானத்துச் சூரியன்தான் உங்களுக்கு, முடுக்குக்கு வந்துவிட்டால் முடுக்கின் மஃரிபு, முற்றத்தில் நின்றால் முற்றத்தின் மஃரிபு என்று சொல்லிவிட்டு அடுத்தவர் சந்தேகத்துக்குப் போய்விட்டார். அன்று முதல் ஆயிஷா உம்மா கஞ்சிச் சட்டியையும் பொரித்த வாடாப் பலகாரத்தையும் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக முடுக்குக்குப் போய், அக்கம்பக்கத்துப் பெண்களோடு நோன்பு திறந்தாள். ருமைஸா போகவில்லை.

"வா புள்ள, கஞ்சி ஆறுது. மார்க்கத்துலயே சலுகை குடுத்திருக்கும்போது நீ ஏன் உள்ள கெடந்து காயிறே?" என்று உம்மா பின்வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அவரு அங்க இந்தச் சூரியனப் பாத்துக்கிட்டுத் தனியாத்தானே உக்காந்திருப்பாரு. கூட ஒரு ஆளு வேணும்லம்மா" என்றாள் ருமைஸா. சொன்ன பிறகு அவளுக்கே எரிச்சலாக வந்தது. மூன்று மாதமாக வாய் திறக்காத மனிதனுக்காகத் தான் பசித்திருப்பது என்ன நியாயம் என்று கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். முதலில் ஒரு மணி நேரம்தான் பிந்தியது. பிறகு நாளுக்கு நாள் சூரியன் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று பேரம் பேசுகிற மாதிரி மதில்மேல் தங்கிப் போனது. ஊர் ராத்திரித் தராவீஹ் தொழக் கிளம்பும்போது அவள் வீட்டில் மட்டும் பிற்பகல் அஸர் நேரத்து வெளிச்சம். ஸஹரும் அப்படித்தான், ஊருக்கு முன்னாலேயே அவள் முற்றத்தில் விடிந்துவிடும். ஆள் இளைத்துவிட்டாள். கன்னத்தில் மட்டும் குளிரால் ஒரு சிவப்பு ஏறியிருந்தது.

மக்தூம் மாமாவுக்கு இது நேரடி அவமானம். தன் அட்டையில் ஆறரைக்குச் சற்று மேலே என்று அச்சில் ஏற்றிய மஃரிபுக்கு, சொந்த மருமகளே கட்டுப்படவில்லை. அவர் குடையோடு வந்து நடையில் நின்று முற்றத்தைப் பார்த்தார். கோபத்தில் ஒரு அடி முன்னால் வைத்ததில் வழுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே பேசினார்: "மாப்பிள்ள வந்தா மாப்பிள்ள. பனி வந்தா அது பனிதான். ரெண்டையும் போட்டுக் கொழப்பாதிய." ஆயிஷா உம்மா அவரைத் தூக்கிவிட்டுக்கொண்டே, மெல்லப் பேசுங்க, மேல கேக்கும் என்றாள். மாமாவும் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தினார்.

இரண்டாவது வாரம் மாமா ஒரு ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். இஹ்ஸானுக்கு வடக்கே வேலை பிடித்துக் கொடுத்த பாஸ்கல் அவர். தருவைகுளத்துக்காரர், இருபது வருஷமாக அந்த வடக்குக் கடல் கப்பல்களில் சமையல் தலைவர். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தவரை, நீ அனுப்பின ஆளுக்கு நீயே பதில் சொல் என்று மாமா காரில் ஏற்றிவிட்டார். பாஸ்கல் வாசலில் செருப்பைக் கழற்றினார், முற்றத்தைப் பார்த்தார், மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரு கை பனியை அள்ளி, அமுக்கி, முகர்ந்து பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இது வார பனி இல்ல, போற பனி. அங்கன இதுக்குப் பேரு வசந்தகாலம்" என்றார். மாமா முழங்கால் ஆழத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்கல் ருமைஸா பக்கம் திரும்பினார். சத்தம் போட்டுப் பேசிப் பழகிய மனிதர், குரலைக் கஷ்டப்பட்டு இறக்கினார்: "தங்கச்சி, அங்கன ரெண்டு மாசம் சூரியனே எட்டிப் பாக்காது. பகல் பன்னெண்டு மணிக்கும் இருட்டு. அந்த இருட்டு மனுசனுக்குள்ள போயிரும். கோவம் இருக்காது, சண்டை இருக்காது, பேச்சு மட்டும் நின்னு போயிரும். நானே ஒரு வருசம் எம் பொண்டாட்டி பிளாரன்ஸுக்கு மூணு மாசம் போன் போடல. அவ நான் செத்துட்டேன்னு கோயில்ல பூசை குடுத்துட்டா."

"பெறகு எப்படிப் பேசுனீங்க?" என்று ருமைஸா கேட்டாள். கேட்ட அவசரத்தில் முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சூரியன் வந்துச்சு. பனிக்கு அடியில தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு. அது கேட்டா பேச்சும் வந்துரும்" என்றார் பாஸ்கல். போகும்போது, ஆயிஷா உம்மா கொடுத்த வட்டிலப்பத்தை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கப்பலில் இதைச் செய்தால் கேப்டனே பாத்திரம் கழுவுவான் என்று சொல்லிப் போனார்.

அன்றிலிருந்து ருமைஸா காதைத் தரையில் வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். சத்தம் இல்லை. நடுவில் ஒரு நாள் பனிப்புயல் அடித்து, நடையில் தொங்கிய துணியெல்லாம் பலகையாகிவிட்டது. இதற்குப் பெயர் வசந்தமா என்று ஆயிஷா உம்மாவே முணுமுணுத்தாள். அன்று சாயங்காலம், ஊர் நோன்பு திறந்து வெகு நேரம் கழித்து, வெறும் வயிற்றோடும் வெளிச்சத்தோடும் தனியாக உட்கார்ந்திருந்த ருமைஸா எழுந்து மாடி ஏறினாள். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு மூன்று வருஷமும் ஒன்றாக வந்துவிட்டது. "மச்சான், நீங்க இருட்டுல கெடந்தா நானும் இங்க இருட்டுலதானே கெடக்கேன்? வெயிலு அடிச்சா மட்டும் எனக்கு வெளிச்சமா? தெருவுல ஒவ்வொருத்தியும் கேக்குறதுக்கு நான் சிரிச்சிக்கிட்டே பதில் சொல்லியிருக்கேன். நீங்க பேச வேணாம். போனை எடுத்து மூச்சு விடுங்க, அது போதும், மிச்சத்தை நான் பேசிக்கிறேன்." கதவு குளிர்ந்து கிடந்தது. அவள் நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டு நன்றாக அழுதாள். அழுது முடித்தபோது மஃரிபு ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து ஆறிய கஞ்சியைக் குடித்தாள்.

மறுநாள் காலையில் பனிக்கு அடியில் தண்ணீர் ஓடியது. கொலுசு போட்ட குழந்தை பக்கத்து அறையில் நடப்பது மாதிரி முதலில் மெல்லிய சத்தம். மத்தியானத்துக்குள் ஓட்டு விளிம்பெல்லாம் சொட்ட ஆரம்பித்தது. கண்ணாடி ஈட்டிகள் மாதிரித் தொங்கிய பனிக்கட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்து உடைந்தன. அப்புறம் நிற்கவில்லை. ஒரு நாள் மூடுபனி, ஒரு நாள் கல்மழை, ஒரு நாள் கண் கூசுகிற நீல வானம், மூன்றும் ஒரே நாளிலும் வந்தன. முற்றம் முழுக்கச் சேறாகியது. கருப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் குருவிகள் எங்கிருந்தோ வந்து, சிரட்டைகளின் மேல் உட்கார்ந்து கத்தின. புதைத்த மீனையெல்லாம் தெருக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். யாருடையது எது என்று இரண்டு வீடுகளுக்குச் சண்டை வந்தது. கிணற்றடியில் இலையே இல்லாத ஒரு குட்டைச் செடி மஞ்சள் பூ பூத்தது. முருங்கை துளிர்த்தது. போன் மட்டும் அடிக்கவில்லை.

ருமைஸா போனைச் சமையலறை மேடையில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொண்டுதான் பெருநாள் கேக்குகளுக்குக் கிரீம் பூசினாள். தண்ணீர் சத்தம் கேட்டு ஒரு வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. பாஸ்கலுக்குப் பொருந்தியது இவளுக்குப் பொருந்தவில்லை என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. கடைசி நோன்பு அன்று மக்தூம் மாமா வந்து, பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் ஜமாஅத்தில் பேச நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னார்.  அவர் கெட்டவர் இல்லை, அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கித் திரிந்தவர். ருமைஸா இந்த முறை வாய் திறந்தாள். "சரி மாமா" என்றாள்.

மாமா முன்வாசலுக்குப் போய்த் தெருவுக்கான படியில் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கையில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, தன் அட்டையில் அச்சடித்த நேரத்துக்காகக் காத்திருந்தார். அப்போது தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு ஆட்டோ தெருமுனையில் நின்று, பெட்டியோடு ஒரு ஆள் இறங்கி நடந்து வந்தான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்குமே, அந்தக் கருப்பு. கழுத்தைச் சுற்றி வேர்க்குரு. மாமா யாரோ என்று பார்த்தார். பக்கத்தில் வந்து ஸலாம் சொன்ன பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"என்ன மாப்பிள்ள, குளிர் தேசத்துல இருந்து இப்படிக் கருத்து வந்திருக்கிய?" என்று மாமா கேட்டார். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"நம்ம ஊரு வெயிலு மாமா. மாசம் பூரா அங்க எங்கூடத்தான் இருந்துச்சு" என்றான் இஹ்ஸான். ரொம்ப நாளாகப் பேசாத தொண்டை, கட்டையாக இருந்தது.

குரல் கேட்டு ருமைஸா கையில் கிரீம் கத்தியோடு நடைக்கு ஓடிவந்தாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவள், பின்னால் முற்றத்தில் வெள்ளை வெளேரென்று பகல். அந்தப் பக்கம் அவன், பின்னால் இருட்டிக்கொண்டு வருகிற தெரு. அதே நேரம் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். மாமா பழத்தை வாயில் போட்டார். இஹ்ஸானும் சட்டைப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தான், எடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"நோன்பு தொறக்கலையா?" என்று கேட்டான்.

"இன்னும் பொழுது சாயலையே. ஒம்பது மணி ஆகும்" என்றாள் ருமைஸா.

"அது நான் இருந்த ஊரு மஃரிபுல்லா?"

"அதுக்குத்தான் மாசம் பூரா காத்திருந்து தொறந்தேன். நீங்க தனியா இருப்பியளேன்னு."

இஹ்ஸான் பெட்டியைக் கீழே வைத்தான். வைத்துவிட்டுச் சொன்னான். நோன்பு பிறந்த அன்று அவன் அறைக் கதவை யாரோ தட்டினார்கள், வளையல் சத்தத்தோடு. திறந்தால் ஆள் இல்லை. ஒரு வெக்கைக்காற்று கேக் வாசனையோடு உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் முதல் அவன் அறையில் காயல்பட்டினத்து ஏப்ரல் மாதம். ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே புழுக்கம். வியர்த்தது, கொசு கடித்தது, வாடா பொரிக்கிற வாசனை வந்தது, இரண்டு தடவை கரண்ட்கூடப் போனது. முதல் நாள் வேர்த்தபோது காரணமே இல்லாமல் அழுகை வந்ததாகவும், ஒரு குளிர்காலம் முழுக்க வராத அழுகை அது என்றும் சொன்னான். எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்ததாகவும், இத்தனை மாதம் பேசாமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு பேசுவது என்று வைத்துவிட்டதாகவும், கடைசியில் பேசுவதை விட வருவது சுலபமாக இருந்ததாகவும் சொன்னான்.

"ஆறரை மணிக்கு அறைக்குள்ள இருட்டிரும். நம்ம பள்ளி பாங்கு கேக்கும். வெளிய ஊரெல்லாம் பட்டப்பகலு. நான் மட்டும் ஒன் மஃரிபுக்குத் தொறந்துருவேன். நீ தனியா தொறப்பியேன்னு" என்றான்.

ருமைஸாவுக்குக் கணக்கு புரிய ஒரு கணம் ஆனது. "அப்ப நான் உங்களுக்காக இங்க ஒம்பது மணி வரைக்கும் கொலைப்பசியில கெடந்தப்ப, நீங்க எனக்காக ஆறரைக்கே தொறந்து சாப்பிட்டுட்டு இருந்தியளா?" என்று கேட்டாள். கோபத்தோடு ஆரம்பித்த வாக்கியம், முடியும்போது சிரிப்பாகி, அப்புறம் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. கிரீம் கத்தி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படியில் உட்கார்ந்திருந்த மக்தூம் மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பேரீச்சங்கொட்டையை ரொம்ப நேரம் மென்றார்.

இஹ்ஸான் நின்றுகொண்டிருந்தது தெரு. தெருவின் மஃரிபு ஆகிவிட்டது. கையில் பழம் இருந்தது, பயணத்தில் வந்தவன் என்ற சலுகை வேறு. அவன் அந்தப் பழத்தை மறுபடியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, படி ஏறி உள்ளே வந்தான். முற்றத்தில் சூரியன் மதிலுக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

இரண்டு பேரும் கிணற்றடியில், மஞ்சள் பூவுக்குப் பக்கத்தில், ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒன்பது மணி வரை காத்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பதைத் தெரு கேட்கவில்லை. கேட்கப் பின்வாசலில் கூடிய பெண்களை ஆயிஷா உம்மா கரண்டியோடு விரட்டிவிட்டாள். சூரியன் ஒருவழியாக இறங்கியதும் அவள் பெரிய சஹன் தட்டில் விருந்துக் களறிச் சோறும் கறியும் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு சஹனில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாப்பிடுவது காயல் வழக்கம். இரண்டு பேர் உட்கார்ந்த சஹனுக்கு மூன்றாவதாக மக்தூம் மாமா வந்து உட்கார்ந்தார். ஒரு தடவை நோன்பு திறந்தாகிவிட்டதே என்று ஆயிஷா உம்மா கேட்டதற்கு, அது தெருக்கணக்கு என்றார். ஜமாஅத்தில் வாங்கிய நேரத்தை மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்த கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இஹ்ஸான் இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் குளிர்ப்பெட்டிகள் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். தினமும் முத்தையாபுரம் பஸ்ஸில் போய் வருகிறான், சாயங்காலம் மாப்பிள்ளைத் தட்டு தட்டுகிறான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, ஹனீன். அவள் பேருக்கு ஒரு வீடு கட்ட இப்போதே மனை பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வந்து சேர்ந்த பிறகும் வானிலை வராமலிருக்கவில்லை. பழகிய வீடு என்று ஒவ்வொரு நோன்புக்கும் வந்து, மாதம் முடிந்ததும் போகிறது. அதற்குத் தனி வட்டிலப்பம் உண்டு. வடக்கே இஹ்ஸான் இருந்த அறைக்கு நோன்பு மாதத்தில் மட்டும் கிராக்கி அதிகமாம், குளிர் தாங்காதவர்கள் வரிசையில் நிற்கிறார்களாம், கரண்ட் போவதைத்தான் அவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லையாம். நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும், ஒருநாள் அந்த இருட்டுக்காலத்துக்குள்ளேயே போய் விழும் என்று பாஸ்கல் எச்சரித்திருக்கிறார். ஆயிஷா உம்மா சார்ஜ் போடுகிற விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.

மக்தூம் மாமா இப்போதும் வருஷம் தவறாமல் நேர அட்டை அச்சடிக்கிறார். மஃரிபு நேரங்கள் எல்லாம் முடிந்த பிறகு, குக்கர் படத்துக்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'ருமைஸா வீட்டார் மட்டும் தங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொள்ளவும்.' அட்டையை வாங்குகிற யாரும் அந்த வரியைப் பற்றிக் கேட்பதில்லை. எலுமிச்சம்பழம் இந்த வருஷம் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள்.